கேஸ் எங்கே போனது என்று கேளுங்கள்

கேள்வி இதுதான்: “ஏசி நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனாலும் ஆண்டுதோறும் சர்வீஸ் செய்ய வேண்டும் என்கிறார்கள். வருகிறவர் தண்ணீர் அடித்துக் கழுவுகிறார், கேஸ் குறைந்திருக்கிறது என்று நிரப்பிவிட்டுப் போகிறார். அடுத்த ஆண்டும் இதே கதை. குளிர்கால ஹீட்டருக்கும் இப்படித்தானா? இது உண்மையில் தேவையா, அல்லது அவர்களுடைய பிழைப்பா?”

இரண்டும்தான். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த இயந்திரங்களைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன். வெயில் கொளுத்தும் ஊர்களிலும் பனி கொட்டும் ஊர்களிலும் வேலை பார்த்திருக்கிறேன். ஆண்டுப் பராமரிப்பு தேவை. ஆனால் நீங்கள் விவரிக்கும் வேலைக்குக் குளிப்பாட்டல் என்று பெயர் வைக்கலாம், பராமரிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எரிபொருளை எரித்துச் சூடாக்கும் ஹீட்டர் உங்கள் வீட்டில் இருந்தால், அதன் ஆண்டுச் சோதனையில் பேரமே கூடாது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். முதலில் இந்த கேஸ் விவகாரம்.

ஏசிக்குள் இருக்கும் கேஸ் எரிபொருள் கிடையாது. பெட்ரோல்போல அது செலவாகாது, எண்ணெய்போலத் தேயாது. வீட்டுக்குள் இருக்கும் காயிலில் திரவமாக நுழைந்து, அறையின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு ஆவியாகிறது. கம்ப்ரசர் அந்த ஆவியை அழுத்தி வெளியே இருக்கும் காயிலுக்குத் தள்ளுகிறது. அங்கே வெப்பத்தை இறக்கிவைத்துவிட்டு மீண்டும் திரவமாகிறது. மூடிய செப்புக்குழாய்ச் சுற்றில் அதே கேஸ் பத்து ஆண்டுகள், பதினைந்து ஆண்டுகள் சுற்றிச்சுற்றி வர வேண்டும். உங்கள் சமையலறைக் குளிர்சாதனப் பெட்டிக்குள்ளும் இதே வேலைதான் நடக்கிறது. அதற்கு ஆண்டுதோறும் யாராவது கேஸ் நிரப்பியிருக்கிறார்களா?

பிறகு ஏன் ஏசியில் மட்டும் குறைகிறது? குளிர்சாதனப் பெட்டியின் குழாய்கள் தொழிற்சாலையிலேயே பற்றவைக்கப்பட்டு முத்திரையிட்டதுபோல வருகின்றன. ஸ்பிளிட் ஏசியின் குழாய்களை உங்கள் வீட்டுச் சுவரில் ஒருவர் நின்றுகொண்டு வளைத்து, முனையை விரித்து, நட்டுப் போட்டு இறுக்குகிறார். ‘ஃபிளேர்’ என்று நாங்கள் சொல்லும் அந்த இணைப்புகளில்தான் பெரும்பாலான கசிவுகளை நான் பார்த்திருக்கிறேன். கேஸுடன் கொஞ்சம் கம்ப்ரசர் எண்ணெயும் சேர்ந்து சுற்றுவதால், கசியும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்து, அதன் மேல் தூசி ஒட்டிக் கறுத்திருக்கும். சோப்பு நுரையைத் தடவினால் குமிழி வரும். நுண்ணிய கசிவானால் நைட்ரஜனை அழுத்தத்தில் ஏற்றி, முள் இறங்குகிறதா என்று காத்திருந்து பார்க்க வேண்டும்.

ஆகவே “கேஸ் குறைந்திருக்கிறது” என்று ஒருவர் சொன்னால், நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: “எங்கே போனது?” அதற்குப் பதில் சொல்லாமல் நிரப்புகிறவர் ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிறார். கசிவை அடைத்து, உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் வாக்குவம் பம்பு வைத்து உறிஞ்சி, பிறகு இயந்திரத்தின் பெயர்ப்பலகையில் கிராம் கணக்கில் அச்சிட்டிருக்கும் எடையைத் தராசில் நிறுத்து நிரப்புவதுதான் முறை. அழுத்தமானியின் முள்ளை மட்டும் பார்த்து ஏற்றுவது குத்துமதிப்பு. அதிகமானாலும் கேடு, குறைந்தாலும் கேடு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் தொழிலில் இருப்பவர்களில் பலருக்கு இது பிடிக்காது. நன்றாகக் குளிரும் இயந்திரத்தில் அழுத்தமானியை மாட்டவே வேண்டாம். ஒவ்வொரு முறை குழாயை மாட்டிக் கழற்றும்போதும் கொஞ்சம் கேஸ் வெளியேறுகிறது. உள்ளே இருக்கும் சிறு வால்வு சரியாக மூடாமல் போனால் புதுக் கசிவே பிறக்கிறது. கேஸ் குறைவதற்கு ஆண்டுதோறும் அதைச் ‘சோதித்துப் பார்ப்பது’ காரணமாக இருந்த வீடுகளை நான் கண்டிருக்கிறேன்.

வெளியேறும் கேஸ் சும்மா காற்றில் கரைந்துவிடுவதும் இல்லை. பழைய ஏசிகளில் இருக்கும் ஆர்-22 என்ற கேஸ் ஓசோன் படலத்தை அரிப்பதால், 1987-இன் மான்ட்ரியல் உடன்படிக்கையின் வழியே அது படிப்படியாக விலக்கப்பட்டு வருகிறது. அதன் இடத்துக்கு வந்த ஆர்-410ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் ஒரு கிலோ காற்றில் கலந்தால், புவியைச் சூடாக்குவதில் அது சுமார் 2,000 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். இப்போது பரவிவரும் ஆர்-32 அதில் மூன்றில் ஒரு பங்குதான், ஆனால் இலேசாகத் தீப்பற்றக்கூடியது. எனவே எந்த இயந்திரத்தில் எந்த கேஸ் என்பது பெயர்ப்பலகையில் இருப்பதுதான். கையில் இருக்கும் சிலிண்டரில் இருப்பது எதுவோ அதை ஏற்றிவிடுகிறேன் என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

அழுத்தமானி வேண்டாம் என்றால் இயந்திரம் நலமா என்று எப்படித் தெரியும்? ஒரு சாதாரண டிஜிட்டல் வெப்பமானி போதும். விசிறியை வேகமாக வைத்து, ஏசியைப் பதினைந்து இருபது நிமிடம் ஓட விடுங்கள். காற்று உள்ளே இழுக்கப்படும் இடத்திலும் வெளிவரும் இடத்திலும் வெப்பநிலையைப் பாருங்கள். வேறுபாடு ஏறக்குறைய 8 முதல் 12 டிகிரி செல்சியஸ் இருந்தால் பெரும்பாலும் கவலைப்பட ஒன்றுமில்லை. புழுக்கமான நாளில் இது சற்றுக் குறையும், அது கோளாறில்லை. அப்போது இயந்திரத்தின் உழைப்பில் ஒரு பங்கு காற்றைக் குளிர்விப்பதற்குப் பதிலாக, அதிலுள்ள ஈரத்தைத் தண்ணீராக்குவதில் செலவாகிறது. வடியும் ஒவ்வொரு லிட்டர் தண்ணீருக்கும் சுமார் 0.68 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பத்தை ஏசி வெளியேற்றியிருக்கிறது என்பது கணக்கு. வில்லிஸ் கேரியர் 1902-இல் தன் முதல் இயந்திரத்தை வடிவமைத்ததே ஓர் அச்சகத்தில் காகிதம் ஈரத்தால் நீண்டு சுருங்குவதைத் தடுக்கத்தான். மனிதர்கள் குளுகுளுவென்று உட்கார்வதற்காக இல்லை.

சரி, கேஸ் பிரச்சினை இல்லை என்றால் ஏசிகள் எதனால் சாகின்றன? பெரும்பாலும் காற்று ஓடாததால். ஃபில்டர் அடைத்தால் காயிலின் மேல் போகும் காற்று குறைகிறது. வெப்பம் போதாமல் காயில் பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்குகிறது. அதில் ஈரம் பனிக்கட்டியாக உறைகிறது. பனி காற்றை இன்னும் தடுக்கிறது. கடைசியில், ஆவியாக மாற வாய்ப்பில்லாத கேஸ் திரவமாகவே கம்ப்ரசருக்குத் திரும்பிப் போகிறது. கம்ப்ரசர் ஆவியை அழுத்தப் பிறந்தது, திரவம் அழுந்தாது. உடைவது கம்ப்ரசர்தான். இரண்டு முறை கம்ப்ரசர் மாற்றிய ஒரு வீட்டுக்கு மூன்றாவது ஆளாக என்னை அழைத்தார்கள். காரணம் ஃபில்டரின் மேல் வீட்டுக்காரர் தாமாகவே பொருத்தியிருந்த அடர்த்தியான துணி. தூசி ஒவ்வாமைக்காக நல்லெண்ணத்தில் செய்தது. நுண்ணிய தூசியைப் பிடிக்கும் ஃபில்டர்கள் நல்லவைதான், ஆனால் அந்தத் தடையை மீறி இழுக்கும் வலு விசிறிக்கு இருக்க வேண்டும். இயந்திரத்தின் கையேடு எதை அனுமதிக்கிறதோ அதற்கு மேல் போக வேண்டாம்.

ஃபில்டரைக் கழுவ யாரையும் அழைக்கத் தேவையில்லை. அன்றாடம் ஓடும் பருவத்தில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை குழாய்த் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி மாட்டுங்கள். அடைத்த ஃபில்டரை மாற்றினாலே ஏசியின் மின்செலவு 5 முதல் 15 விழுக்காடு வரை குறையலாம் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. இந்த ஒரு வேலையைச் செய்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் மறந்துவிட்ட வீடுகூட, ஆண்டுக்கு ஒருமுறை ஆள் வந்து மற்ற நாட்களில் ஃபில்டரையே தொடாத வீட்டைவிட மேலான நிலையில் இருக்கும்.

கழுவும் வேலைக்கு வருவோம். வெளியே இருக்கும் யூனிட்டின் மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கிடையே தூசி, பூச்சி, இலைத்துணுக்கு எல்லாம் வெளிப்பக்கத்திலிருந்து இழுக்கப்பட்டு அடைந்திருக்கும். அதை வெளியிலிருந்து வேகமாகத் தண்ணீர் அடித்துக் கழுவினால், அழுக்கு இன்னும் உள்ளே போய் அப்பிக்கொள்கிறது. மூடியைக் கழற்றி உள்ளிருந்து வெளிநோக்கி, சாதாரண ஹோஸ் பைப்பின் வேகத்தில் கழுவ வேண்டும். காரைக் கழுவும் உயர் அழுத்தப் பீச்சி ஒரே நொடியில் தகடுகளை வளைத்து மடித்துவிடும். அமிலம் கலந்த கழுவுதிரவமும் வேண்டாம். நுரை பொங்கி வருவதைப் பார்க்கச் சுத்தமாவதுபோல இருக்கும், கரைவதில் பாதி உங்கள் அலுமினியம்.

உள்ளே இருக்கும் யூனிட்டில் காயிலைக் கழுவுவார்கள். உருளை விசிறியை விட்டுவிடுவார்கள். ஏனென்றால் அதை எடுப்பது சிரமம். ஆனால் அழுக்கின் தலைமையகம் அதுதான். அதன் சிறு இலைகளின் குழிவில் தூசியும் ஈரமும் சேர்ந்து பசைபோலப் படிந்தால், இலை காற்றை அள்ளாது. விசிறி சுற்றும், காற்று வராது. ஏசியைப் போட்டதும் அடிக்கும் பூஞ்சை நாற்றத்துக்கும் பெரும்பாலும் இதுவே காரணம். ஒரு டார்ச் விளக்கைக் காற்று வரும் வாய்க்குள் அடித்துப் பாருங்கள். உருளை கறுத்துத் திட்டுத்திட்டாக இருந்தால், வருகிறவரிடம் அதைக் காட்டி, கழற்றிக் கழுவச் சொல்லுங்கள்.

வடிகுழாய் அற்பமாகத் தோன்றும். ஆனால் சுவர் நனைவதும் கூரைப்பலகை உப்புவதும் அதனால்தான். இருட்டும் ஈரமுமான அந்தக் குழாயில் வழவழப்பான பாசி வளர்ந்து அடைத்துக்கொள்ளும். பருவத் தொடக்கத்தில் உள்தட்டில் ஒரு குவளைத் தண்ணீரை மெதுவாக ஊற்றி, மறுமுனையில் அதே வேகத்தில் வருகிறதா என்று நீங்களே பார்க்கலாம்.

மின்பகுதியில் கைவைக்க வேண்டாம் என்பதை அழுத்தமாகச் சொல்கிறேன். வெளி யூனிட்டில் மோட்டார் ஓட உதவும் கெப்பாசிட்டர், மின்சாரத்தை நிறுத்திய பிறகும் மின்னேற்றத்தைப் பிடித்து வைத்திருக்கும்; தெரியாமல் தொட்டவரை அது தூக்கி எறியும். ஆனால் அதை அளக்கச் சொல்லிக் கேட்கலாம். அதன் உடலில் மைக்ரோஃபாரட் அளவும், கூடவோ குறையவோ அனுமதிக்கப்பட்ட விழுக்காடும் எழுதியிருக்கும். பெரும்பாலும் 5 அல்லது 6. அதற்குக் கீழே இறங்கியிருந்தால் அடுத்த கடும் வெயில் நாளில் அது கைவிடும், எப்போதும் விடுமுறை நாளாகப் பார்த்து. தளர்ந்த திருகுகளை இறுக்குவதும், கான்டாக்டர் என்ற மின்விசையின் முனைகள் கருகியிருக்கின்றனவா என்று பார்ப்பதும் பத்து நிமிட வேலை. அந்த முனைகளுக்கிடையே எறும்புகள் ஏன் கூட்டங்கூட்டமாகப் போய்ச் சாகின்றனவோ, ஆனால் போகின்றன. அவற்றின் உடல்களால் ஏசி ஓடாமல் நின்றதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இனி ஹீட்டர். மின்சாரத்தில் ஓடுவது என்றால் தூசி தட்டி, இணைப்புகளைப் பார்த்தால் போதும்; பருவத்தின் முதல் நாள் வரும் கருகல் வாடை கம்பிச்சுருளில் படிந்த தூசி எரிவது, சிறிது நேரத்தில் போய்விடும். போகவில்லை என்றால் அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

எரிவாயு அல்லது எண்ணெயை எரித்துக் காற்றைச் சூடாக்கும் ஃபர்னஸ், நீரைச் சூடாக்கும் பாய்லர் இவற்றின் கதை வேறு. ஏசி கெட்டால் வியர்க்கும். இது கெட்டால் உயிர் போகும். எரிவதற்குப் போதிய காற்று கிடைக்காதபோது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்கிறது. தலைவலி, குமட்டல், அசதி என்று காய்ச்சல்போலத் தொடங்கும். வெளியே போனால் தெளிந்து, வீடு திரும்பினால் மீண்டும் வருகிற தலைவலியை, அதுவும் வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வருவதை, ஒருபோதும் அலட்சியம் செய்யாதீர்கள். அப்போது செய்ய வேண்டியது ஹீட்டரை ஆராய்வதல்ல, எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு போவது.

ஆண்டுச் சோதனையில் இதற்காகவே மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, தீயையும் வீட்டுக் காற்றையும் பிரித்து நிற்கும் வெப்பமாற்றி; சூடாகி ஆறிச் சூடாகி ஆறி ஆண்டுக்கணக்கில் உழைத்த உலோகத்தில் விரிசல் விழலாம். இரண்டு, புகைபோக்கி, கோடையில் சும்மா இருக்கும் குழாயில் பறவை கூடு கட்டியிருக்கும், அல்லது இணைப்பு விலகியிருக்கும். மூன்று, சுடர். எரிவாயு என்றால் அது நிதானமாக நீலத்தில் எரிய வேண்டும். மஞ்சளாகத் தள்ளாடினால் கோளாறு. ஆனால் நீலமாக எரிவதாலேயே நச்சுவாயு இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. புகைக்குழாயில் கருவியைச் செருகி, வாயுக்களை அளந்துதான் சொல்ல முடியும். அந்தக் கருவி இல்லாமல் வருகிறவர் கண்ணால் பார்த்துவிட்டு “நன்றாக இருக்கிறது” என்றால், அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லை. படுக்கையறைகளுக்கு அருகே கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இருக்கட்டும். அதற்கும் ஆயுள் உண்டு. பின்புறம் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும். பொத்தானை அழுத்தினால் கத்துவது மின்கலத்துக்கும் ஒலிக்கும்தான் சான்று, உள்ளிருக்கும் உணரியின் ஆயுளுக்கு இல்லை.

ரேடியேட்டர்களில் வெந்நீர் சுற்றும் பாய்லர் வீட்டில், ஏசியின் கேஸ் கதை அப்படியே திரும்ப வருகிறது. அதுவும் மூடிய சுற்று. குளிர்ந்திருக்கும்போது அழுத்தம் ஏறக்குறைய 1 முதல் 1.5 ‘பார்’ (அழுத்தத்தின் அலகு) இருக்க வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை குழாயைத் திறந்து தண்ணீர் ஏற்றிக்கொண்டே இருக்கிறீர்கள் என்றால், அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? ஒரு வால்வில் கசியலாம். அல்லது விரிவுத் தொட்டியின் காற்று இறங்கியிருக்கலாம்: சூடாகும் நீருக்கு விரிய இடமில்லாமல், அழுத்தம் 3 பார் தொட்டதும் பாதுகாப்பு வால்வு வழியே வெளியே வடிகிறது, ஆறியதும் முள் கீழே கிடக்கிறது. இதில் தண்ணீரைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. புதுத் தண்ணீர் ஒவ்வொரு முறையும் புது ஆக்சிஜனைக் கொண்டுவருகிறது. அது எஃகு ரேடியேட்டரை உள்ளிருந்து துருவாக்குகிறது. அப்படிப்பட்ட ஒரு வீட்டில் ரேடியேட்டரைக் கழற்றியபோது மையைப்போலக் கறுத்த நீர் வந்தது. மேல்பக்கம் சூடில்லை என்றால் உள்ளே காற்று, சாவியால் திறந்து வெளியேற்றலாம். கீழ்ப்பக்கம் சூடில்லை என்றால் அந்தக் கறுப்புச் சேறு, அதற்கு ஆள் வேண்டும்.

ஹீட் பம்ப் என்பது இரண்டு திசையிலும் ஓடும் ஏசி. ஆண்டு முழுவதும் உழைப்பதால் இரண்டு பருவத்துக்கும் முன்னால் பார்ப்பது நல்லது. குளிர்காலத்தில் வெளி யூனிட்டில் மெல்லிய உறைபனி படிவதும், அவ்வப்போது அதை உருக்க இயந்திரம் திசை மாறி ஓடும்போது ஆவி கிளம்புவதும் இயல்பு. புகை என்று பயந்து அழைக்கிறவர்கள் உண்டு. பனி உருகாமல் பாளமாகக் கட்டி நின்றால்தான் கோளாறு. கூர்மையான எதையும் வைத்து அதைச் சுரண்டாதீர்கள். செப்புக்குழாய் அதற்கடியில்தான் இருக்கிறது.

குழாய்வழியாக வீடு முழுவதும் காற்று போகும் அமைப்பாக இருந்தால், அந்தக் குழாய்களின் இணைப்புகளையும் ஒருமுறை பாருங்கள். சாதாரண வீட்டில் காற்றில் 20 முதல் 30 விழுக்காடு வரை ஓட்டைகள் வழியே வீணாகிறது என்பது அமெரிக்காவின் எனர்ஜி ஸ்டார் திட்டம் சொல்லும் கணக்கு.

எப்போது அழைப்பது? வெயில் தொடங்கும் முன் ஏசிக்கு, குளிர் தொடங்கும் முன் ஹீட்டருக்கு. பருவத்தின் நடுவில் வருகிறவருக்கு அன்று இன்னும் எட்டு வீடுகள் காத்திருக்கும். அவர் குளிப்பாட்டிவிட்டுத்தான் போவார்.

வந்தவரிடம் எண்களைக் கேளுங்கள். உள்ளே போகும் காற்றின் வெப்பநிலை, வெளிவரும் காற்றின் வெப்பநிலை, அன்றைய வெளி வெப்பநிலை, கம்ப்ரசர் இழுக்கும் ஆம்பியர், கெப்பாசிட்டர் அளவு; ஹீட்டர் என்றால் புகைக்குழாயின் கார்பன் மோனாக்சைடு அளவு, பாய்லரின் அழுத்தம். இவற்றை ஓர் அட்டையில் தேதியோடு எழுதி, மூடிக்கு உட்புறம் ஒட்டிவிடுங்கள். ஓர் ஆண்டின் எண்ணுக்குத் தனியாகப் பெரிய பொருளில்லை, சென்ற ஆண்டின் எண் பக்கத்தில் இருக்கும்போதுதான் அது பேசும். ஆம்பியர் கூடியிருந்தால் வெளிக் காயிலில் அழுக்கு என்று ஐயப்படலாம். ஆம்பியரும் வெப்பநிலை வேறுபாடும் சேர்ந்து இறங்கியிருந்தால் கேஸ் கசிகிறது. இன்வெர்ட்டர் ஏசி தன் வேகத்தைத் தானே மாற்றிக்கொள்வதால், அதைச் சோதனை நிலையில் முழுவேகத்தில் ஓட்டி அளந்தால்தான் ஒப்பிட முடியும்.

இப்படி ஓர் அட்டையை வைத்திருந்த வீட்டில், நான்கு ஆண்டுகளாக வேறுபாடு 11, 11, 10, 7 என்று இருந்தது. வீட்டாருக்குக் குளிர் குறைந்ததாகவே தெரியவில்லை. உள்காயிலின் செம்பில் கண்ணுக்குத் தெரியாத துளைகள். எறும்புப்புற்றுபோலக் கிளைத்துப் பரவும் அரிப்பு அது, வீட்டுக் காற்றில் இருக்கும் சில அமில ஆவிகளால் வருவது. ஒரு துளையை அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று திறக்கும் என்பதால் காயிலையே மாற்றச் சொன்னேன். கேஸ் குறைந்த நிலையில் ஓடும் கம்ப்ரசர், தன்னைக் குளிர்விக்கத் திரும்பி வரும் ஆவியும் குறைந்து, சூட்டிலேயே எரிந்துபோகும். அதற்கு முன்பே பிடித்துவிட்டோம். அந்த கம்ப்ரசர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு வந்தவரும் 10 என்று ஒழுங்காக எழுதித்தான் வைத்திருந்தார், மேலே இருந்த 11-ஐ மட்டும் பார்க்கவில்லை.